அழைப்பின் பேரால்: ஆப்கானிஸ்தானும் வல்லரசுத் தலையீட்டின் உலக விளைவுகளும்

ஒரு நாட்டு மக்கள் தமக்குள்ளே பகைத்துப் போரிடும்போது அப்போரில் வல்லரசொன்று தன் படையோடு புகுமாயின், அச்செயலுக்கு என்ன பெயரிடுவது என்பதிலேயே உலகம் முதலிற் பிளவுபடுகின்றது. புகுந்தவர் அதனை ‘உதவி’ என்பர். எதிரணியினர் ‘ஆக்கிரமிப்பு’ என்பர். அறிஞர் எனப்படுவோரும் தத்தம் சார்புக்கேற்ப இவ்விரு சொற்களுள் ஒன்றைத் தெரிந்தெடுத்துக்கொண்டு, அதன்பின் ஆராய்ச்சியைத் தொடங்குகின்றனர். முடிவை முன்னரே வைத்துக்கொண்டு ஆதாரத்தைப் பின்னர் தேடும் இம்முறை எமது கருத்தரங்குகளிலும் விவாத மேடைகளிலும் நெடுங்காலமாக நிலவி வருவது. வியட்நாமில் அமெரிக்கா குண்டு பொழிந்தபோது கொதித்தெழுந்தவர்களுள் ஒரு சாரார், காபூல் வீதிகளிற் சோவியத் தாங்கிகள் உருண்டபோது மௌனம் சாதித்தனர். காபூலுக்காகக் கண்ணீர் வடித்தவர்களுள் ஒரு சாரார், கிரனடாவில் அமெரிக்கப் படை இறங்கியபோது அதனைச் சனநாயகத்தின் மீட்சி என்று போற்றினர். இவ்விரு சாராரோடும் வழக்காடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எமது வாதம் சுருக்கமானது. உள்நாட்டுப் போரொன்றில் வல்லரசு நேரடியாகப் படையிறக்கித் தங்கிவிடும்போது அப்போர் முடிவதில்லை. நாட்டெல்லையைக் கடந்து உலகத்தின் போராகின்றது. அதன் விலையையோ முடிவெடுத்தவர்கள் செலுத்துவதில்லை. அம்முடிவில் எவ்விதப் பங்குமற்ற ஏழை மக்களும் சிறிய நாடுகளுமே தலைமுறை தலைமுறையாகச் செலுத்துகின்றனர். ஆகவே, வந்தவர் எக்கொடியின் கீழ் வந்தார் என்பதை நோக்கித் தீர்ப்பைத் திருத்திக்கொள்வது சிறிய நாட்டவராகிய எமக்கு அறிவுடைமையும் ஆகாது, அறமும் ஆகாது. இதனை நிறுவுவதற்கு 1979ஆம் ஆண்டு டிசெம்பரிற் சோவியத் யூனியன் ஆப்கானிஸ்தானிற் புகுந்த நிகழ்ச்சியை எடுத்துக்கொள்கின்றோம். அது நிகழ்ந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. புகுந்த அரசே இன்று உலகப் படத்தில் இல்லை. அன்று மூடிக்கிடந்த ஆவணங்கள் பல வெளிவந்துவிட்டன. தீர்ப்புக் கூறுவதற்கு இதனிலும் தக்க வழக்குக் கிடைத்தல் அரிது.

போரின் தோற்றம்

1978 ஏப்பிரல் 27, 28ஆம் நாட்களில் ஆப்கான் மக்கள் சனநாயகக் கட்சி, இராணுவ அதிகாரிகளின் துணையோடு ஜனாதிபதி தாவூத்தைக் கொன்று ஆட்சியைக் கைப்பற்றியது. நூர் முகம்மது தராக்கியும் ஹபீசுல்லா அமீனும் தலைமை தாங்கிய கல்க் பிரிவு, பப்ராக் கார்மால் தலைமையிலான பர்ச்சம் பிரிவை விரைவிலேயே ஒதுக்கித் தள்ளியது. புதிய அரசு நிலச்சீர்திருத்தத்தை அறிவித்தது. ஏழை விவசாயிகளின் கடன்களை இரத்துச் செய்தது. மணப்பெண்ணுக்கு விலை பேசும் வழக்கத்தைக் கட்டுப்படுத்தியது. பெண்களுக்கு எழுத்தறிவூட்ட முயன்றது. இவை தம்மளவிற் பழுதுடைய நோக்கங்கள் என்று எவரும் கூறார். ஆயின், விவசாயியைக் கலந்து பேசாது விவசாயியின் பெயரால் இடப்பட்ட கட்டளைகளாகவே இவை கிராமங்களைச் சென்றடைந்தன. எதிர்த்தவர்களுக்குப் புலேசர்க்கி சிறைச்சாலையும் துப்பாக்கிக் குண்டுமே விடையாயின. 1979 மார்ச்சு மாதத்தில் ஹெராத் நகரில் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது அந்நகரிலிருந்த அரச படையினரும் அவர்களோடு சேர்ந்துகொண்டனர்.

இந்நிலையில் அப்போர் பிற நாடுகளின் கைபடாதிருந்தது எனக் கூறுதல் பொருந்தாது. அரசை எதிர்த்தோர்க்குப் பாகிஸ்தான் புகலிடம் அளித்து வந்தது. 1979 ஜூலை 3ஆம் நாள் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி காட்டர், கிளர்ச்சியாளர்க்கு ஆயுதமல்லாத உதவிகளை இரகசியமாக வழங்குவதற்கு ஒப்பமிட்டார். எனினும் போரின் வேர் ஆப்கான் மண்ணிலேயே இருந்தது. கிராமத்துக்கும் தலைநகருக்கும், மரபுக்கும் மாற்றத்துக்கும், கட்சியின் ஒரு பிரிவுக்கும் மறு பிரிவுக்கும் இடையே நிகழ்ந்த போராட்டம் அது. அதற்கொரு முடிவு உண்டாயின் அம்முடிவும் அம்மண்ணிலிருந்தே தோன்றியிருத்தல் வேண்டும்.

அறிந்தே எடுத்த முடிவு

தலையிட்டவர்கள் விளைவுகளை அறியாது தலையிட்டனர் என்று அனுதாபத்தோடு எழுதுவோர் உளர். வெளிவந்த ஆவணங்கள் இக்கூற்றுக்கு இடமளிக்கவில்லை. ஹெராத் கிளர்ச்சியின்போது தராக்கி சோவியத் படைகளை வேண்டி நின்றார். மார்ச்சு மாதம் மூன்று நாட்களாக மொஸ்கோவிற் கூடிய பொலிற்பீரோ அவ்வேண்டுகோளை மறுத்தது. மறுத்தவர்கள் கூறிய காரணங்கள் நுணுகி நோக்கத்தக்கவை. பதற்றத் தணிவுக்காகவும் ஆயுதக் குறைப்புக்காகவும் பல ஆண்டுகள் முயன்று பெற்றவை யாவும் பின்தள்ளப்பட்டுவிடும் என்றார் வெளிநாட்டமைச்சர் குரோமிக்கோ. துப்பாக்கி முனையால் மாத்திரமே காக்கப்படக்கூடிய புரட்சியைத் தாம் காக்கப் புகுதல் ஆகாது என்ற கருத்தைத் தெரிவித்தவர் உளவுத்துறைத் தலைவர் அந்திரோபோவ். சோவியத் படை வந்தால் நிலைமை சீரடையாது, மேலும் மோசமடையும் என்று தராக்கியிடமே எடுத்துரைத்தார் பிரதமர் கொசிஜின். மேற்கு நாட்டுப் பிரசாரகர் எவரும் இதனிலும் திறம்பட அத்தலையீட்டைக் கண்டித்திருத்தல் இயலாது.

ஒன்பது மாதங்களின் பின்னர், 1979 டிசெம்பர் 12ஆம் நாள், அதே மனிதருட் சிலர் பிரெஷ்னேவின் தலைமையிற் சிறு வட்டமாகக் கூடி எதிர்மாறான முடிவை எடுத்தனர். தயக்கம் காட்டிய கொசிஜின் அங்கு இருக்கவில்லை. இடைக்காலத்தில் மாறியது யாது? தராக்கியை வீழ்த்திக் கொல்வித்த அமீன், அமெரிக்காவின் பக்கம் சாய்ந்துவிடுவார் என்ற ஐயம் எழுந்திருந்தது. புதிய அணுவாயுத ஏவுகணைகளை மேற்கு ஐரோப்பாவில் நிறுவுவதற்கு நேட்டோ நாடுகள் அதே டிசெம்பர் 12ஆம் நாளிலேயே முடிவு செய்தன. பதற்றத் தணிவு ஏற்கெனவே நலிந்துவிட்டது, இனி இழப்பதற்கு அதிகம் இல்லை என்ற எண்ணம் மொஸ்கோவில் வேரூன்றியது. இங்கு நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. மாறியவை யாவும் வல்லரசுகளின் கணக்குகளே. ஆப்கான் விவசாயியின் நிலையில் மார்ச்சுக்கும் டிசெம்பருக்கும் இடையே, சோவியத் படைகளை அவன் வரவேற்கத்தக்க மாற்றம் எதுவும் நிகழ்ந்திருக்கவில்லை.

‘அழைப்பு’ என்னும் வாதம்

டிசெம்பர் 25ஆம் நாள் படைகள் எல்லை கடந்தன. 27ஆம் நாள் மாலை காபூலின் புறத்தேயுள்ள தாஜ்பெக் மாளிகையைச் சோவியத் சிறப்புப் படையினர் தாக்கினர். அமீன் கொல்லப்பட்டார். சோவியத் பாதுகாப்பில் நாடு திரும்பிய கார்மால் ஆட்சித் தலைவரானார். ஆப்கான் அரசின் அழைப்பை ஏற்றே வந்தோம் என்று மொஸ்கோ உலகுக்கு அறிவித்தது. 1978 டிசெம்பர் 5ஆம் நாள் ஒப்பமிடப்பட்ட நட்புறவு ஒப்பந்தமும் ஐ.நா. சாசனத்தின் 51ஆம் உறுப்புரையும் சான்றாகக் காட்டப்பட்டன.

அழைத்த அரசின் தலைவனையே கொன்றுவிட்டு, அவனது அரசின் அழைப்பின் பேரில் வந்தோம் என்று கூறுதல் உலக வரலாற்றில் அரிதாகவே காணப்படும் வாதமாகும். இதனை எள்ளி நகையாடிவிட்டு அப்பாற் செல்லுதல் எளிது. ஆயின், அழைத்தவன் கொல்லப்படாதிருந்தாற்கூட இவ்வாதம் நிலைத்திராது என்பதே எமது கருத்து. அயல் நாடொன்று படையெடுத்து வரும்போது தாக்கப்பட்ட அரசு துணைக்கு அழைப்பது வேறு. நாட்டு மக்களே இரு கூறாகிப் போரிடும்போது, நாட்டின் பெயராற் பேசும் உரிமை எவர்க்குரியது என்பதே அப்போரின் பொருளாகின்றது. வீட்டுக்குரியவர் எவர் என்பதே வழக்காயிருக்க, வழக்காளிகளுள் ஒருவர் நீட்டிய திறப்பைக் காட்டி உள்ளே புகுந்து, வீட்டுக்காரர் அழைத்தார் என்று வாதிடுவதை எந்த நீதிமன்றமும் ஏற்காது. 51ஆம் உறுப்புரை கூறும் தற்காப்பு உரிமையும் ஆயுதத் தாக்குதலொன்று நிகழ்ந்தபோது எழுவதேயன்றி, தன் குடிகளின் கிளர்ச்சியை அடக்க எழுவதன்று.

இவ்வாதத்தை ஒருமுறை அனுமதித்துவிட்டால் அது ஒருவர் கையில் நின்றுவிடுவதில்லை. 1983 ஒக்ரோபரிற் சின்னஞ்சிறு கிரனடாவில் அமெரிக்கப் படை இறங்கியபோது வாஷிங்டன் கூறிய காரணங்களுள், மகாதேசாதிபதியும் கிழக்குக் கரிபியன் அரசுகளும் அழைத்தனர் என்பதும் ஒன்று. மொஸ்கோவின் அழைப்பைப் பொய் என்றவர்கள் வாஷிங்டனின் அழைப்பை மெய் என்றனர். மற்றவர்கள் மாறிக் கூறினர். ஐ.நா. பொதுச்சபையோ ஒரே அளவுகோலைப் பயன்படுத்திற்று. ஆப்கானிஸ்தான் தலையீட்டை 1980 ஜனவரியில் 104 நாடுகள் கண்டித்தன. கிரனடாத் தலையீட்டை 1983 நவம்பரில் 108 நாடுகள் கண்டித்தன. நிக்கராகுவாவில் எதிர்ப்புரட்சிப் படையினர்க்கு ஆயுதமும் பயிற்சியும் அளித்தமை தலையிடாமை நெறிக்கு முரணானது என்று சர்வதேச நீதிமன்றம் 1986 ஜூனில் அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அணிகளின் பாற்பட்டோர் மறந்த ஒருமையை, சிறிய நாடுகள் பெரும்பான்மையாயுள்ள சபை மறக்கவில்லை.

எல்லை கடந்த விளைவுகள்

இனி, அத்தலையீடு ஆப்கானிஸ்தானுக்கு வெளியே விளைத்தவற்றை நோக்குவோம். முதலில் வீழ்ந்தது வல்லரசுகளுக்கிடையிலான பதற்றத் தணிவு. 1979 ஜூன் 18ஆம் நாள் வியன்னாவிற் பிரெஷ்னேவும் காட்டரும் ஒப்பமிட்ட இரண்டாவது ஆயுத மட்டுப்பாட்டு ஒப்பந்தத்தைச் செனற் சபை ஆராயாது ஒத்திவைக்குமாறு 1980 ஜனவரியிற் காட்டர் வேண்டினார். அவ்வொப்பந்தம் ஒருபோதும் உறுதிசெய்யப்படவில்லை. சோவியத் யூனியனுக்கு அனுப்பப்படவிருந்த 170 இலட்சம் தொன் தானியம் நிறுத்தப்பட்டது. ஆர்ஜென்ரீனா முதலிய நாடுகள் அவ்விடத்தை நிரப்பின. நட்டமடைந்த அமெரிக்க விவசாயிகளின் குரலுக்கு இணங்கி 1981 ஏப்பிரலில் றேகன் அத்தடையை நீக்கினார். 1980இன் மொஸ்கோ ஒலிம்பிக் விழாவை அமெரிக்கா, மேற்கு ஜேர்மனி, யப்பான், சீனா முதலிய நாடுகள் புறக்கணித்தன. 1984இல் லொஸ் ஏஞ்சல்ஸ் விழாவைச் சோவியத் யூனியனும் அதன் தோழமை நாடுகளும் புறக்கணித்தன. ஆண்டாண்டாகப் பயின்ற விளையாட்டு வீரர்கள், தாம் அறியாத போரொன்றுக்கு இரு முறை பலியிடப்பட்டனர்.

இரண்டாவது விளைவு எமது கரையைத் தொட்டது. 1980 ஜனவரி 23ஆம் நாள் காட்டர், பாரசீக வளைகுடாவைக் கைப்பற்ற முயலும் எந்த வெளிச்சக்தியையும் படைபலம் உட்பட எவ்வழியாலும் எதிர்ப்போம் என்னும் கொள்கையை வெளியிட்டார். ஈரானியப் புரட்சியும் ஆப்கானிஸ்தானும் ஒருசேர அளித்த காரணத்தால் இந்து சமுத்திரத்தில் அமெரிக்கக் கடற்படை பெருகிற்று. தியாகோ கார்சியாத் தளம் விரிவடைந்தது. இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாகப் பிரகடனஞ் செய்யும் ஐ.நா. தீர்மானம் 1971 டிசெம்பரில் இலங்கையின் முயற்சியால் நிறைவேறியது என்பதை வாசகர் அறிவர். அதனைச் செயற்படுத்தும் மகாநாட்டை 1981இற் கொழும்பிற் கூட்டுவதென்று 1979இற் பொதுச்சபை முடிவு செய்திருந்தது. அம்மகாநாடு கூடவேயில்லை. சோவியத் படை ஆப்கானிஸ்தானில் நிற்கும்வரை அதற்கான சூழ்நிலை இல்லை என்றன மேற்கு நாடுகள். சமாதான வலயத்தை என்றுமே விரும்பாதவர்களுக்கு அதனைத் தட்டிக்கழிக்க நல்ல சாட்டொன்று கிடைத்தது. அச்சாட்டை அவர்கள் கையிற் கொடுத்தது மொஸ்கோ. ஒரு வல்லரசின் அத்துமீறல் மற்ற வல்லரசின் அத்துமீறலுக்கு உரிமைப்பத்திரம் ஆகும் விதம் இதுவே.

மூன்றாவதாக, அணிசேரா இயக்கம் அடைந்த காயத்தைக் குறிப்பிடல் வேண்டும். 1976இற் கொழும்பு மகாநாட்டோடு இலங்கை ஏற்ற தலைமைப் பொறுப்பு, 1979 செப்டெம்பரில் ஹவானா மகாநாட்டிற் கியூபாவுக்குக் கைமாறியது. சோவியத் யூனியனை அணிசேரா நாடுகளின் இயல்பான தோழனாகக் கொள்ளல் வேண்டும் என்ற கருத்துக்கும், எவ்வணியும் சாராது நிற்றலே இயக்கத்தின் உயிர் என்ற கருத்துக்கும் அங்கே கடும் போட்டி நிகழ்ந்தது. மூன்று மாதங்களின் பின்னர் அந்த ‘இயல்பான தோழன்’ அணிசேரா நாடொன்றினுள் படையோடு புகுந்தான். 1955இற் பாண்டுங்கிலும் 1961இற் பெல்கிறேட்டிலும் இடம்பெற்ற நாடு ஆப்கானிஸ்தான். பாதுகாப்புச் சபையின் தீர்மானத்தைச் சோவியத் யூனியன் தன் வீட்டோ அதிகாரத்தாற் தடுத்தமையின், விவகாரம் பொதுச்சபையின் அவசர சிறப்புக் கூட்டத்துக்குச் சென்றது. 1980 ஜனவரி 14ஆம் நாள் 104 நாடுகள் ஆதரிக்க, 18 எதிர்க்க, 18 ஒதுங்கி நிற்கத் தீர்மானம் நிறைவேறியது. அத்தீர்மானம் சோவியத் யூனியனைப் பெயர் சுட்டிக் கூறவில்லை. கூற வேண்டியும் இருக்கவில்லை. அணிசேரா நாடுகளுட் பெரும்பான்மையானவை கண்டன அணியில் நின்றன. தலைமை நாடாகிய கியூபாவோ எதிர்த்து வாக்களித்தது. பாதுகாப்புச் சபையின் ஆசனத்துக்காக நீண்டகாலம் போட்டியிட்டு வந்த அந்நாடு, அவ்வாண்டுத் தொடக்கத்திலேயே போட்டியினின்றும் விலக நேர்ந்தது. இந்தியா வாக்களிக்காது ஒதுங்கி நின்றது. அந்த ஒதுங்கல் அதற்கு அளித்த பயன் யாது? மொஸ்கோவைப் புண்படுத்தாதிருக்க முயன்ற புதுடில்லி, தன் வாசலிலேயே அமெரிக்க ஆயுதங்கள் வந்து குவிவதைக் காண நேர்ந்தது.

அவ்வாயுதங்கள் வந்து சேர்ந்த இடம் பாகிஸ்தான். 1979 ஏப்பிரலில் சுல்பிகார் அலி பூட்டோவைத் தூக்கிலிட்ட ஜெனரல் ஸியா உல் ஹக், அவ்வாண்டு உலகில் ஒதுக்கப்பட்ட ஆட்சியாளராய் இருந்தார். அணுவாயுத முயற்சியின் காரணமாக அமெரிக்கா அதே மாதத்தில் உதவியை நிறுத்தியிருந்தது. காட்டர் பின்னர் வழங்க முன்வந்த 40 கோடி டொலரை ஸியா கடலைக்கொட்டை என்று இகழ்ந்து ஒதுக்கினார். 1981இல் றேகன் அரசு ஆறாண்டுகளுக்கு 320 கோடி டொலரையும் எவ்-16 போர் விமானங்களையும் அளிக்க இசைந்தது. இராணுவ ஆட்சி அரியணையில் உறுதியாய் அமர்ந்தது. அணுவாயுத முயற்சி கண்டும் காணாது விடப்பட்டது. 1998 மே மாதம் இந்தியாவைத் தொடர்ந்து பாகிஸ்தானும் அணுகுண்டுப் பரிசோதனை நடத்தியபோது உலகம் வியப்புற்றது. வியப்புறுவதற்கு அதிற் சிறிதே இருந்தது. தென்னாசியாவின் அணுவாயுதப் போட்டிக்கு வேறு பல காரணங்கள் இருப்பினும், அதனைத் தடுக்கக்கூடிய கை காபூலின் பொருட்டுக் கட்டப்பட்டிருந்தது.

நான்காவது விளைவு மனிதரைப் பற்றியது. தலையீட்டின் முன்னர் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி மக்களைக் கொண்டிருந்த நாட்டிலிருந்து, எண்பதுகளின் இறுதிக்குள் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பாகிஸ்தானிலும் ஈரானிலும் அகதிகளாயினர். அக்காலத்து உலகின் மிகப் பெரிய அகதிக் கூட்டம் அதுவே. பெஷாவரைச் சூழ்ந்த முகாம்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. அம்முகாம்களினூடாக அமெரிக்கப் பணமும் சவூதி அரேபியப் பணமும் சீன ஆயுதங்களும் பாய்ந்தன. அவற்றை எவர்க்குப் பகிர்ந்தளிப்பது என்று தீர்மானித்தது பாகிஸ்தானிய இராணுவ உளவுத்துறை. மிதவாதிகளுக்குக் குறைவாகவும், குல்புதீன் ஹெக்மத்தியார் போன்ற கடும்போக்காளர்க்கு மிகையாகவும் அது வழங்கிற்று. 1986 செப்டெம்பர் முதல் தோளிற் சுமந்து ஏவும் ஸ்ரிங்கர் ஏவுகணைகளும் வந்தன. அராபிய நாடுகளிலிருந்து தொண்டர்கள் திரண்டனர். 1988இற் பெஷாவரில் அல்-கைதா கருக்கொண்டது. தொண்ணூறுகளில் அல்ஜீரியாவின் உள்நாட்டுப் போரில் ‘ஆப்கானியர்’ என்ற பட்டப்பெயரோடு ஆயுதமேந்தியவர்கள், இப்போர்க்களத்திலிருந்து மீண்ட அல்ஜீரியரே. ஓர் உள்நாட்டுப் போர், தன் பெயரையே மற்றோர் உள்நாட்டுப் போருக்கு ஏற்றுமதி செய்தது.

தலையிட்டவர் பெற்றது யாது? ஏறத்தாழ 15,000 சோவியத் போர்வீரர் மாண்டனர். ஆப்கானியருள் மாண்டோர் பல இலட்சம். பத்து இலட்சத்துக்கும் குறையாது என்று மதிப்பிடுவோர் பலர். 1988 ஏப்பிரல் 14ஆம் நாள் ஜெனீவா உடன்படிக்கைகள் ஒப்பமிடப்பட்டன. 1989 பெப்ரவரி 15ஆம் நாள் ஜெனரல் குரோமோவ் எல்லைப் பாலத்தைக் கடந்ததோடு படை விலகல் நிறைவெய்தியது. அவ்வாண்டு டிசெம்பரிற் சோவியத் மக்கள் பிரதிநிதிகள் பேரவையே, பத்தாண்டுகளின் முன்னர் எடுக்கப்பட்ட அம்முடிவைத் தார்மிக, அரசியல் கண்டனத்துக்குரியது என்று பிரகடனஞ் செய்தது. இங்கு அம்முடிவை நியாயப்படுத்தி நூலும் துண்டுப்பிரசுரமும் எழுதியோர்க்கு, அத்தீர்மானத்தை வாசித்த பின்னராவது பேனாவை மீண்டும் எடுக்கும் கடமை இருந்தது. எடுத்தவர் சிலரே.

எதிர்வாதங்கள்

இனி எமக்கு எதிராகக் கூறப்படுபவற்றை நேர்மையோடு எதிர்கொள்ளல் வேண்டும். பெண்ணுக்குக் கல்வியும் உழவனுக்கு நிலமும் அளிக்க முனைந்த ஆட்சியைப் பிற்போக்குவாதிகளிடமிருந்து காத்தது குற்றமா என்பர் முதற் சாரார். நோக்கத்தை நாம் மறுக்கவில்லை. அதற்கு நேர்ந்த கதியையே சுட்டுகின்றோம். அந்நியப் படையின் நிழலில் வந்த நாள் தொடக்கம், பெண் கல்வியும் நிலச்சீர்திருத்தமும் அந்நியனுடைய பொருள்களாயின. பள்ளிக்கூடத்தை எதிர்த்தவன் அதுவரை தன் மகளின் முன்னேற்றத்தை எதிர்த்த தந்தை மாத்திரமே. தலையீட்டின் பின்னரோ அவன் தாய்நாட்டைக் காக்கும் வீரன் என்னும் பட்டத்தையும் பெற்றான். பிற்போக்குக்குத் தேசபக்தியின் ஆடையை அணிவித்தது எவர் என்பதை முற்போக்காளரே சிந்திக்க வேண்டும்.

மறு சாரார், ஆக்கிரமிப்பை எதிர்த்தவர்களுக்கு ஆயுதம் அளித்தது விடுதலைக்குச் செய்த தொண்டு என்பர். ஆப்கான் மக்களின் எதிர்ப்பு அவர்களுடையது. அதன் பெருமையும் அவர்களுக்கே உரியது. அதனைத் தம் பகைவனைக் குருதி சிந்தச் செய்யும் கருவியாக நோக்கியவர்கள், கருவியின் எதிர்காலத்தைப் பற்றிக் கவலைகொள்ளவில்லை. சோவியத் படை விலகிய பின்னரும் இரு தரப்பு ஆயுத வழங்கலும் தொடர்ந்தது. 1992 ஏப்பிரலில் நஜிபுல்லாவின் ஆட்சி வீழ்ந்தபோது, வென்ற குழுக்கள் தம்முட் போரிட்டுக் காபூலை இடிபாடாக்கின. நகரை இடித்தவை விடுதலைக்கென வழங்கப்பட்ட ஆயுதங்களே. 1996 செப்டெம்பரில் தலிபான்கள் காபூலைக் கைப்பற்றினர். 2001 செப்டெம்பர் 11இன் பின்னர் அமெரிக்காவே தன் படையோடு அங்கே புகுந்தது. புகுந்த காரணம் வேறு. எனினும் விரைவிலேயே அதுவும் அந்நாட்டின் உட்போரில் ஒரு தரப்பாகி இருபதாண்டுகள் போரிட்டது. 2021 ஓகஸ்ட்டில் அது வெளியேறுமுன்னரே தலிபான்கள் மீண்டும் காபூலில் இருந்தனர். வேறு சித்தாந்தம், வேறு கொடி, கூடிய செல்வம். முடிவில் வேறுபாடு எங்கே?

மூன்றாவது எதிர்வாதமே வலுவுடையது. 1971இல் இந்தியா கிழக்கு வங்காளத்திற் புகாதிருந்தால், 1978 டிசெம்பரில் வியட்நாம் கம்பூச்சியாவிற் புகாதிருந்தால், கொலைக்களங்கள் நீடித்திராவா என்பது அது. இவ்வினாவைத் தட்டிக்கழிக்க நாம் விரும்பவில்லை. மக்கட் படுகொலை நிகழும்போது அயலார் கைகட்டி நிற்றல் வேண்டும் என்பது எமது கொள்கையன்று. ஆயின் அவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒப்புநோக்குமிடத்து எமது வாதம் மேலும் தெளிவுறுகின்றது. கிழக்கு வங்காளத்தில் 1970 டிசெம்பர்த் தேர்தலில் மக்கள் தம் பிரதிநிதிகளைத் தாமே தெரிந்திருந்தனர். இந்தியா அவர்களிடம் நாட்டை ஒப்படைத்து 1972 மார்ச்சிலேயே படையை மீட்டுக்கொண்டது. கம்பூச்சியாவிற் பொல் பொட்டின் கொடுங்கோலை வீழ்த்திய வியட்நாம், பத்தாண்டுகள் தங்கியது. தங்கியதனால் ஒரு நற்செயல் சீனா, அமெரிக்கா, தாய்லாந்து என்று பலரும் பங்குகொண்ட நெடும்போராயிற்று. கொலைகாரர்களின் கூட்டணிக்கே ஐ.நா. ஆசனமும் நிலைத்தது. நியாயமுடைய தலையீடுகூடத் தங்கும்போது இவ்வாறாகுமாயின், வல்லரசின் கணக்கிற் பிறந்த தலையீட்டைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ?

ஒரே அளவுகோல்

இவ்வழக்கு முடிந்துபோன பழங்கதையன்று. 2015 செப்டெம்பர் 30ஆம் நாள் ரஷ்ய விமானப்படை சிரியாவின் உள்நாட்டுப் போரிற் புகுந்தபோது கூறப்பட்டது அதே ‘அழைப்பு’ வாதமே. அழைத்த ஆட்சி 2024 டிசெம்பர் 8ஆம் நாள் வீழ்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளிற் சிரிய மண்ணில் ரஷ்யா, அமெரிக்கா, துருக்கி, ஈரான் ஆகிய நாடுகளின் படைகள் நின்றன. சிரியரோ அயல் நாடுகளிலும் ஐரோப்பாவின் எல்லைகளிலும் அகதிகளாய் நின்றனர். அழைப்பின் பேரில் வரும் படை என்றால் என்ன என்பதை, 1987 ஜூலை முதல் 1990 மார்ச்சு வரை இத்தீவின் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்தோர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

வல்லரசுக்குத் தன் பாதுகாப்பை உறுதிசெய்ய ஏவுகணைகள் உள. சிறிய நாட்டுக்கு உள்ளது ஒரு நெறி மாத்திரமே. அது தலையிடாமை என்னும் நெறி. அந்நெறி ஏட்டளவிலாவது உயிரோடிருப்பது, ஒவ்வொரு மீறலையும் மீறல் என்று கூறுவதற்கு உலகில் ஒரு பெரும்பான்மை இருப்பதனாலேயே. நமக்கு விருப்பமான அணி மீறும்போது விலக்களித்தால், நாம் விலக்களிப்பது பிறருக்கன்று. நாளை நம் வாயிலைத் தட்டப்போகும் படைக்கே. ஆகவே பல்கலைக்கழகத்தினர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றுண்டு. இன்று நான் நியாயப்படுத்தும் தலையீட்டை, இதே காரணங்களைக் கூறி எதிரணி செய்திருந்தால் ஏற்றிருப்பேனா? இல்லை என்பது விடையாயின், நான் இதுவரை பேசியது சார்பு, அறிவு அன்று. அச்சார்பைக் களைந்து பேசத் துணியாத கல்வியாளன், உழவனின் வரியிற் பெற்ற கல்விக்குக் கடன் தீர்க்காதவனாவான்.